பனிமலைக்கு முதலில் போனது ரயில்தான்

அல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு விடுமுறை எண்டவுடனே எங்களுக்கு வாற படம் என்ன? கூரையில் சறுக்குக்கட்டைகள் கட்டின கார்கள், ஜெனீவா விமான நிலையத்தில் நீண்ட வரிசை, வசதியான ஆக்களின் விளையாட்டு. இதுக்கும் எங்களுக்கும் என்ன எண்டு நீங்கள் கேக்கலாம். 1980களில் இருந்து சுவிற்சர்லாந்துக்குப் போன எங்கட ஆக்களில் கனபேர் உழைக்கத் தொடங்கின இடம் ஹொட்டேல், உணவகக் குசினிகள்தான். அந்த நாட்டின் சுற்றுலாக் கதைக்குள்ள எங்கட சனத்தின் வியர்வையும் கொஞ்சம் கிடக்கு. ஆனபடியால் அந்தக் கதையை வாசிக்க எங்களுக்கும் உரித்து இருக்கு.

இண்டைக்கு ஐரோப்பாவில் ஒரு கேள்வி அடிக்கடி வருது: காபனைக் குறைவாக வெளிவிட்டு அல்ப்ஸுக்குப் போறது எப்படி? கேள்வி சும்மா வரேல்லை. 2022, 2023 ஆகிய இரண்டே வருஷத்தில் சுவிஸ் பனியாறுகள் தங்கட கனவளவில் சுமார் 10 வீதத்தை இழந்தன. சறுக்கப் போறவர்கள் பறந்தோ காரிலோ வந்தால், அந்த விடுமுறையின் காபன் கணக்கில் பெரும்பங்கு போக்குவரத்துக்கே போகுது. பனியைத் தேடிப் போற பயணமே பனியைக் கரைக்குது. இதுக்குப் பதிலாக இப்ப எல்லாரும் ரயிலைச் சொல்லினம், ஏதோ புதுசாகக் கண்டுபிடிச்ச மாதிரி. வரலாறு வேற மாதிரிச் சொல்லுது. பனிச்சறுக்கு விடுமுறை எண்ட ஒண்டையே உருவாக்கினதில் பெரிய பங்கு ரயிலுக்குத்தான்.

டாவோஸை எடுப்பம். 1860களில் அது ஒரு மலைக்கிராமம். அங்கத்தைய காற்று காசநோயாளருக்கு நல்லது எண்டு அலெக்ஸாண்டர் ஸ்பெங்லர் எண்ட வைத்தியர் சொல்ல, நோயாளர்கள் வரத் தொடங்கினார்கள். நோயாளியான மனைவியோடு அங்க வந்தவர்களில் ஒருவர் வில்லெம் யான் ஹோல்ஸ்போர் எண்ட டச்சுக்காரர். ரயில் பாதை வேணும் எண்டு முன்நிண்டவர் அவர்தான். 1890இல் ரயில் டாவோஸை அடைந்தது. விளையாட்டு அதுக்குப் பிறகுதான் சூடு பிடிச்சது. ஷெர்லக் ஹோம்ஸை எழுதின ஆர்தர் கொனன் டொயில் 1894இல் டாவோஸிலிருந்து மலையைத் தாண்டி அரோசாவுக்குச் சறுக்கிப் போய், அதை ஒரு கட்டுரையாக எழுதினார். கட்டையோடு நிக்கிற ஆளை மேல இழுத்துக்கொண்டு போற லிப்ட் டாவோஸுக்கு வந்தது 1934இல். அதாவது ரயில் வந்து 44 வருஷத்துக்குப் பிறகு.

மற்ற ஊர்களிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். செர்மாட்டுக்கு ரயில் வந்தது 1891இல். 65 மீற்றர் உயரமான லாண்ட்வாசர் பாலத்தைக் கடந்து சென் மோரிட்ஸுக்கு வந்தது 1904இல். ஒஸ்ரியாவில் 10 கிலோமீற்றருக்கும் மேல் நீளமான சுரங்கத்தோடு ஆர்ல்பெர்க் பாதை 1884இல் திறந்தது. அந்தப் பாதையில் உள்ள சென் அன்ரனில்தான் ஹன்னஸ் ஷ்னைடர் 1921இல் தன்னுடைய புகழ்பெற்ற சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். ஆக்கள் ரயிலில் வந்து இறங்கி அவரிடம் பழகினார்கள்.

எண்டாலும் அந்த ரயில்கள் சுத்தமானவை எண்டு நினைக்கவேண்டாம். அவை நிலக்கரியில் ஓடின. சுவிற்சர்லாந்தில் சொல்லத்தக்க கரி இல்லை. பெரும்பாலும் ஜேர்மனியிலிருந்துதான் வரவேணும். 1914இல் போர் வந்தவுடனே கரிக்குத் தட்டுப்பாடு, விலை ஏற்றம். கடைசியில் ரயில் நேர அட்டவணையையே வெட்டவேண்டி வந்தது. கொத்தார்ட் பாதையை மின்சாரமாக்கும் முடிவு போருக்கு முன்னமே எடுத்ததுதான், ஆனால் அதை அவசரப்படுத்தினது இந்தத் தட்டுப்பாடு. ரிட்டோம் ஏரித் தண்ணியில் ஓடுற மின்நிலையம் 1920இல் இயங்கியது. 1922இல் இத்தாலிய எல்லையான கியாசோ வரைக்கும் மின்சார ரயில் போனது. நீண்ட மூக்கோடு அதில் ஓடின எஞ்சினுக்குச் சனம் வைச்ச பெயர் 'முதலை'. இரண்டாம் உலகப்போர் தொடங்கும்போது சுவிஸ் அரச ரயில் பாதைகளில் ஏறக்குறைய முக்கால்வாசி மின்சாரத்துக்கு மாறியிருந்தது. காலநிலை மாற்றத்தை நினைச்சு அப்ப ஆரும் இதைச் செய்யேல்லை. கரி இல்லை, தண்ணி இருக்கு, அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கணக்கால்தான் இண்டைக்கும் சுவிஸ் ரயில்கள் பெரும்பாலும் நீர்மின்சாரத்தில் ஓடுது.

இந்தப் பெருமைக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஆக்களையும் பார்க்கவேணும். 15 கிலோமீற்றர் நீளமான கொத்தார்ட் சுரங்கத்தை 1872 முதல் 1882 வரை தோண்டியவர்களில் பெரும்பாலானோர் இத்தாலியிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள். பதிவின்படி கிட்டத்தட்ட 200 பேர் அங்க செத்தார்கள். சுரங்கத்துக்குள் இருந்த சுகாதாரக் கேட்டால் கொழுக்கிப்புழு நோய் பரவி இன்னும் கனபேரை முடமாக்கியது. 1875இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சுடப்பட்டு நாலு பேர் இறந்தார்கள். ஒப்பந்தக்காரர் லூயி பாவ்ரும் 1879இல் அந்தச் சுரங்கத்துக்குள்ளதான் செத்தார். 'பசுமைப் பயணம்' எண்டு இப்ப விளம்பரத்தில் வாற பாதைக்கு ஆர் என்ன விலை குடுத்தது எண்டதை மறக்கக்கூடாது.

பிறகு காரின் காலம் வந்தது. ஆர்ல்பெர்க் வீதிச் சுரங்கம் 1978இல், கொத்தார்ட் வீதிச் சுரங்கம் 1980இல் திறந்தன. பிரான்சில் ரயில் நிக்கிற பள்ளத்தாக்குக்கு மேல, உயரத்தில் புதுச் சறுக்கு நகரங்கள் எழும்பின. மலிவு விமானச் சேவைகளும் வந்து சேர்ந்தன. 1944 சிக்காகோ உடன்படிக்கையைத் தொடர்ந்து வந்த வழக்கத்தால் சர்வதேச விமான எரிபொருளுக்குப் பெரும்பாலும் வரி இல்லை. இந்தப் போட்டிக்குள்ள இரவு ரயில்கள் ஒவ்வொண்டாக நிண்டுபோயின. ஜேர்மன் ரயில்வே 2016 டிசம்பரில் தன்னுடைய படுக்கை ரயில்களை முழுதாகக் கைவிட்டது.

அந்த ரயில்களில் ஒரு பகுதியை ஒஸ்ரிய ரயில்வே வாங்கி 'நைட்ஜெட்' எண்ட பெயரில் ஓட விட்டது. ஹம்பேர்க்கில் பின்னேரம் ஏறிப் படுத்தால் விடிய இன்ஸ்புறுக்கில் இறங்கலாம். லண்டனிலிருந்து பிரெஞ்சு அல்ப்ஸுக்கு யூரோஸ்டார் 1997இல் நேரடிச் சறுக்கு ரயில் விட்டது. கொவிட் காலத்தில் அது நிண்டு, இப்ப லீல் நகரில் மாறி ஏறுகிற முறையில் திரும்பியிருக்கு. கடைசித் துண்டுப் பயணம்தான் பலருக்குத் தலையிடி: சூட்கேசும் கட்டையும் தூக்கிக்கொண்டு நிலையத்தில் இருந்து மலைக்கு எப்படி ஏறுறது? அதுக்கும் வழி இருக்கு. பூர்க்-சென்-மோரிஸ் நிலையத்தடியில் இருந்து லெஸ் ஆர்க்குக்குக் கேபிளால் இழுக்கிற ரயில் 1989இலேயே போட்டாச்சு. செர்மாட்டுக்குள் சாதாரணக் கார்களுக்கு அனுமதியே இல்லை. காரில் வந்தவரும் தேஷில் நிப்பாட்டிவிட்டு ரயில்தான் ஏறவேணும். ரயிலே வசதிப்படாத குடும்பம் எண்டால் பஸ்ஸில் போகலாம், அல்லது நாலு பேர் சேர்ந்து ஒரு காரில் போகலாம். தனி ஒருவர் விமானத்தில் போறதைவிட இரண்டுமே மேல்.

ஆனால் பல வழிகளில் ரயில் ரிக்கற் விமானத்தைவிட விலை கூட. நல்ல மனசுள்ளவர் ரயிலில் போவார், மற்றவர் பறப்பார் எண்டு விட்டால் இது ஒருநாளும் சரிவராது. 1994இல் சுவிஸ் மக்கள் வாக்குப்போட்டு, மலையைக் கடக்கிற சரக்கு லொறிகளை ரயிலுக்கு மாத்தவேணும் எண்டு அரசியலமைப்பிலேயே எழுத வைச்சார்கள். 2016இல் 57 கிலோமீற்றர் நீளமான புதிய கொத்தார்ட் அடிச்சுரங்கம் திறந்தது. சனம் சேர்ந்து எடுத்த முடிவுக்கு இவ்வளவு பலம் இருக்கு.

நூறு வருஷத்துக்கு முன் கரி இல்லாமல் போட்ட மின்கம்பியில் இண்டைக்கும் ரயில் ஓடுது. 1980இல் திறந்த வீதிச் சுரங்கத்துக்கு முன்னால் விடுமுறை நாட்களில் இண்டைக்கும் கார்கள் கிலோமீற்றர் கணக்கில் நிக்குது. போட்ட பாதை போட்டவர்களைவிட நீண்டகாலம் இருக்கும். ஆனபடியால், அடுத்த பாதையை எங்க, ஆருக்காகப் போடப்போகினம் எண்டதை எந்த நாட்டிலயும் இளைய ஆக்கள் இப்பவே கேக்கவேணும்.