பழந் தையற்பொறியும் அதன் மெய்வரலாறும்

தையற்பொறி என்றவுடன் ‘சிங்கர்’ என்னும் பெயரே நம்மனோர் நாவில் எழும். தம் மனைவி ஊசியும் நூலுமாய் உழலுதல் காணப் பொறாது, அன்பினாலேயே சிங்கர் அப்பொறியைக் கண்டார் எனக் காந்தியடிகளும் 1924-இல் எடுத்துரைத்தார். கேட்க இனிதே, ஆயினும் மெய்யன்று. ஐசக் சிங்கர் ஊர்தோறும் நாடகமாடித் திரிந்தவர். 1850-இல் பாஸ்டன் நகரத்துப் பட்டறையொன்றில் அடிக்கடி பழுதுறும் தையற்பொறி ஒன்றைக் கண்டு, பொருள் வேட்கையாலேயே அதனைத் திருத்தப் புகுந்தார்.

பொறியின் உயிர்நிலை ஊசியிலுள்ளது. கையூசிக்குக் காது தலைப்பக்கத்தது, பொறியூசிக்கோ நுனியில். நூலோடு துணியை ஊடுருவிய ஊசி மீளத் தொடங்குங்கால், துணியின் கீழ்ச் சிறு வளையம் ஒன்று உண்டாம். படகு போன்ற நாடா தன் நூலுடன் அவ்வளையத்துட் புகுந்து செல்ல, இருநூலும் பிணையும். இவ்வமைப்பிற்கு 1846-இல் பேடெண்டு உரிமை பெற்றவர் எலியாஸ் ஹோ. அவர் தொடுத்த வழக்கில் தோற்று, 1854-இல் சிங்கர் 15,000 டாலர் இறுத்தார். ஹோவிற்கும் முன்னரே, 1834 அளவில், வால்ட்டர் ஹண்ட் என்பார் இத்தகைய பொறி இயற்றியும் உரிமை பெறாது விட்டார். (நம் மகளிர் வழங்கும் ஊக்கும் அவர் கண்டதே.) ஆகவே பொறியின்மேற் பொலியும் பெயர் விற்றவர் பெயரேயன்றி, முதற்கண் கண்டவர் பெயரன்று.

பழம்பொறி தொகுப்பார் பெயரினும் எண்ணையே நோக்குதல் வேண்டும். 1900-க்குப் பின் சிங்கர் பொறிகளில் எண்ணின் முன் ஆங்கில எழுத்தும் பொறிக்கப்பட்டது. ‘ஒய்’ என்னும் எழுத்து, ஸ்காட்லாந்தின் கிளைடுபாங்க் ஆலையில் 1920-களிலோ 1930-களின் முற்பகுதியிலோ ஆயது என்பதைக் காட்டும். அவ்வாலை 1980-இல் மூடப்பட்டது.

எம் பாட்டியார் வைத்திருந்த பொறி சக்கரம் அசையாது இறுகிக் கிடந்தது. துருவென்று எண்ணி ஒருவரிடம் விடுத்தேன். அவர் உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டாலும் துடைத்துத் தந்தார். பொன்னிற ஓவியம் முற்றும் போயிற்று, சக்கரமோ அசைந்திலது. ஓவியத்தின் மேலுள்ள அரக்குப் பூச்சு ஸ்பிரிட்டிற் கரையும் என்பதை யான் அன்று அறியேன். இறுக்கியது துருவன்று, உலர்ந்து பிசினாகிய பழைய எண்ணெய். நாள்தோறும் மூட்டுகளில் மண்ணெண்ணெய் சில துளி விட்டுப் பொறுத்திருந்தேன். ஒன்பதாம் நாள் சக்கரம் சுழன்றது.

தம் அன்னையார் மணத்தின்போது சீராக வந்த பொறி அஃதென்று பாட்டியார் கூறுவார். இத்துணைப் பழமையதோ என யாம் நகைப்போம். அடித்தட்டின் அழுக்கை மெல்லத் துணியால் துடைத்தபோது எண் தெரிந்தது. அதன் முதலெழுத்து ‘ஒய்’.