கைக்கணக்கில் இருக்கும் கறித்தூள்: வீட்டில் வறுத்து இடிக்க ஒரு வழிகாட்டி

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் மழைக்குள்ளே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, எங்கள் அம்மம்மாவின் கையில் ஒரு பால்மாப் பேணி இருந்தது. எனக்கு அப்போது நான்கு வயது. பேணியின் கதை எனக்கு அம்மா சொல்லித்தான் தெரியும். உள்ளே இருந்தது நகையோ உறுதியோ அல்ல, அந்தக் கிழமை இடித்த கறித்தூள். ஏன் இதைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டதற்கு, "அரிசி போற இடத்திலை ஆரும் தருவினம். தூள் ஆர் தரப்போயினம்?" என்றாராம்.

அம்மம்மா இப்போது இல்லை. அவர் போட்ட அளவும் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அம்மாவிடம் கேட்டால் "ஒரு கைப்பிடி", "மணம் வரும்வரைக்கும்" என்பதுதான் பதில். சென்ற பங்குனியில் அம்மா தூளுக்குச் சரக்கு எடுத்து வைத்தபோது, ஒவ்வொரு கைப்பிடியையும் தராசில் வைத்து நிறுத்து எழுதினேன். இந்தக் கட்டுரையில் உள்ள அளவுகள் அப்படிப் பெறப்பட்டவை. அளவைக் கேட்பதற்கு அம்மாவோ அம்மம்மாவோ இல்லாமற்போன வீடுகள் எங்கள் மண்ணில் அதிகம். அவர்களுக்கும் இது உதவும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

இது என்ன தூள்?

தென்னிலங்கைச் சமையலில் "தூனபஹ" எனப்படும் கறித்தூளில் மிளகாய் சேர்ப்பதில்லை. மிளகாய்த்தூளைக் கறிக்குத் தனியாகப் போடுவார்கள். யாழ்ப்பாணத்துத் தூளில் செத்தல் மிளகாயும் மல்லியும் ஏனைய சரக்குகளும் ஒன்றாகவே வறுத்து இடிக்கப்படுகின்றன. மீன், இறைச்சி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு என எல்லாவற்றுக்கும் இந்த ஒரு தூள் போதும். கறிக்குக் கறி வேறு வேறு தூள் வாங்கத் தேவையில்லாததால் வீட்டுச் செலவுக்கும் இது நல்லது.

மிளகாய் எங்கள் மண்ணின் பயிர் அல்ல. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த அந்தச் செடியை 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னர் காரத்துக்கு மிளகும் திப்பிலியும்தான். மிளகைப்போல உறைக்கும் காய் என்பதால்தான் அதற்கு மிளகாய் என்று பெயர். ஆனால் வந்த மிளகாய் வடக்கில் ஊன்றிவிட்டது. 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணத் தோட்டக்காரர் நல்ல வருமானம் பார்த்தார்கள். 1977 இன் பின்னர் வந்த திறந்த பொருளாதாரம் அந்த விலையை வீழ்த்தியது. பிறகு யுத்தம் வந்தது. வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்கள் பல உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. இன்று எங்கள் கடைகளில் தொங்கும் செத்தல் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருவது.

ஏன் வீட்டில் இடிக்க வேண்டும்?

ருசி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், தூளாக வாங்கும் பொருளில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது என்பது.

2005 பெப்ரவரியில் பிரித்தானியாவில், சூடான் 1 என்ற தொழிற்சாலைச் சாயம் கலந்த மிளகாய்த்தூள் காரணமாக நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்கள் கடைகளிலிருந்து மீளப் பெறப்பட்டன. மஞ்சளுக்கு நிறம் கூட்ட ஈயக் குரோமேற்று சேர்க்கப்படுவதை வங்காளதேசத்தில் செய்யப்பட்ட ஆய்வுகள் 2019 இல் வெளிக்கொணர்ந்தன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. எங்கள் நாட்டில் 2020 இல் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு, கிலோ பல ஆயிரம் ரூபாவாக ஏறி, பாக்குநீரிணை வழியே மஞ்சள் கடத்தப்பட்டபோது, மா கலந்த மஞ்சள்தூள் பிடிபட்ட செய்திகளும் வந்தன.

தண்ணீரில் போட்டுப் பார்க்கும் சோதனை ஓரளவுக்குத்தான் உதவும். ஒரு கிளாஸ் தண்ணீரின் மேல் சிறிது தூளைத் தூவும்போது நிறம் கோடு கோடாக உடனே இறங்கினால் சாயம் என்று சந்தேகிக்கலாம். ஆனால் சூடான் போன்ற சாயங்கள் எண்ணெயில் கரைபவை, அவை இந்தச் சோதனையில் அகப்படா.

பூஞ்சணம் இன்னொரு ஆபத்து. ஈரம் போகாமல் கட்டிவைத்த மிளகாயில் வளரும் சில பூஞ்சணங்கள் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் வகுதியில் வைத்திருக்கிறது. வீட்டில் வறுக்கும் சூட்டில் இது முழுதாக அழிவதில்லை. எனவே "வறுத்தால் சரியாகிவிடும்" என்று பழுதான மிளகாயைச் சேர்க்கக் கூடாது. முழுச் செத்தலாக வாங்கினால் பழுதானதைப் பொறுக்கி எறியலாம். தூளாக வாங்கினால் அது முடியாது.

தேவையான பொருட்கள்

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் வரக்கூடிய அளவு இது. காம்பு, கழிவு போக ஏறத்தாழ 1.1 கிலோ தூள் கிடைக்கும்.

செத்தல் மிளகாய் – 500 கிராம்
மல்லி – 500 கிராம்
பெருஞ்சீரகம் – 100 கிராம்
சின்னச்சீரகம் – 50 கிராம்
மிளகு – 50 கிராம்
வெந்தயம் – 25 கிராம்
காய்ந்த மஞ்சள் துண்டு – 20 கிராம்
கறிவேப்பிலை – இரண்டு கைப்பிடி

உறைப்புக் குறைவாக வேண்டுமென்றால் மிளகாயை 350 கிராமாகக் குறையுங்கள், மற்றவற்றை மாற்ற வேண்டாம். மிளகாயின் உறைப்பு விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில்தான் அதிகம். செத்தலைக் கிள்ளி உதறி விதையோடு அந்தத் தசையையும் அகற்றினால் நிறம் குறையாமல் உறைப்பு மட்டும் குறையும்.

கறுவா, ஏலக்காய், கராம்பு ஆகியவற்றைச் சில வீடுகளில் இதனோடு சேர்ப்பார்கள். இறைச்சிக் கறிக்கு அது சரி. மீனுக்கும் மரக்கறிக்கும் இதே தூளைப் பாவிப்பதென்றால் அவற்றைத் தனியாக இடித்து ஒரு சின்னப் போத்தலில் வைத்திருப்பதே நல்லது.

தெரிவும் துப்புரவும்

காம்போடு உள்ள செத்தலையே வாங்குங்கள். காம்பு கழன்ற ஓட்டையால் ஈரமும் பூச்சியும் உள்ளே போகும். குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். கை போட்ட இடத்தில் நாலைந்தை உடைத்து உட்பக்கம் பாருங்கள். சாம்பல் நிறமோ கறுப்போ பூத்திருந்தால் அந்த மூட்டை வேண்டாம்.

மல்லியையும் சீரகங்களையும் சுளகில் புடைத்து, கல், மண், குச்சி பொறுக்குங்கள். பின்னர் எல்லாவற்றையும் ஒருநாள், இயன்றால் இரண்டு நாள், நல்ல வெயிலில் பாயில் பரப்பிக் காய விடுங்கள். மிளகாய் கையில் நொருங்க வேண்டும். பங்குனி, சித்திரை வெயில் இதற்குத் தோதானது. மாரியில் தூள் இடிக்க நேர்ந்தால் சிறிய அளவில் மட்டும் செய்யுங்கள்.

வறுக்கும் முறை

எல்லாவற்றையும் ஒன்றாகத் தாச்சியில் கொட்டி வறுக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நேரம் எடுக்கும். மல்லி வறுபடுவதற்குள் வெந்தயம் கருகிவிடும். கருகிய வெந்தயத்தின் கைப்பை எந்தக் கறியிலும் மறைக்க முடியாது. அடுப்பு மெல்லிய நெருப்பில் இருக்கட்டும், அகப்பை நிற்காமல் கிளற வேண்டும்.

1. மல்லி: நிறம் ஒரு படி ஏறி, மணம் எழும்பும்வரை. இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து வறுத்தால் ஒரே பதமாக வரும்.
2. மிளகும் மஞ்சளும்: மஞ்சளை உரலில் சிறு துண்டுகளாக உடைத்த பின்னர் சேருங்கள். மிளகு ஒன்றிரண்டு வெடிக்கத் தொடங்கியதும் இறக்குங்கள்.
3. பெருஞ்சீரகம், சின்னச்சீரகம்: இவை விரைவில் கருகும். மணம் வந்தவுடன் இறக்க வேண்டும்.
4. வெந்தயம்: பொன்னிறம் போதும், சிவக்க விட வேண்டாம்.
5. கறிவேப்பிலை: கழுவியிருந்தால் நன்றாக உலர்த்திய பின்னர், கையில் நொருங்கும்வரை.
6. செத்தல் மிளகாய்: கடைசியாக. ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டால் நெடி சற்று அடங்கும். சிவப்பு மண்ணிறமாக மாறி மொறுமொறுப்பானதும் இறக்குங்கள், கறுக்கக் கூடாது.

மிளகாய் வறுக்கும் புகை சாதாரண விடயமல்ல. வெளியில், காற்று போகும் பக்கம் பார்த்து அடுப்பை மூட்டுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள். இழுப்பு உள்ளவர்களும் சிறு பிள்ளைகளும் அருகில் இருக்க வேண்டாம். ஷெல் காயங்களாலோ புகையாலோ நுரையீரல் பாதிக்கப்பட்டவர்கள் எங்களிடையே பலர் இருக்கிறார்கள். அவர்கள் இந்த வேலையை இன்னொருவரிடம் விடுவதே நல்லது.

இடித்தலும் அரைத்தலும்

வறுத்தவை முழுதாக ஆறிய பின்னரே அரைக்க வேண்டும். சூட்டோடு அரைத்தால் ஆவி தூளுக்குள் அடங்கி, கட்டி பிடித்து, பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்கும்.

1990 இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் மின்சாரம் நின்ற பிறகு, மூலையில் கிடந்த உரல்கள் பல வீடுகளில் மீண்டும் முற்றத்துக்கு வந்தன. உரலில் இடித்து அரிதட்டில் அரித்து, கப்பியைத் திரும்ப இடிக்கும் தூளுக்கு மணம் அதிகம். உலக்கை இடியில் சூடு ஏறாததுதான் காரணம். உரல் இல்லாதவர்கள் மில்லில் கொடுக்கலாம். வேறு மிளகாயோ மல்லியோ அரைத்த பிறகு உங்களுடையதை அரைக்கச் சொல்லுங்கள். மா அரைத்த உடனே கொடுத்தால் அதன் மிச்சம் உங்கள் தூளில் சேரும். அரைக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள். மில்லில் இருந்து தூள் சூடாகவே வரும், வீட்டுக்கு வந்து கடதாசியில் பரப்பி ஆறவிட்டுத்தான் போத்தலில் அடைக்க வேண்டும்.

வைத்திருக்கும் முறை

கழுவி வெயிலில் காயவைத்த கண்ணாடிப் போத்தல் அல்லது இறுக்கமான மூடியுள்ள பேணி ஏற்றது. பெரிய போத்தலில் இருந்து கிழமைக்கு வேண்டியதைச் சிறிய போத்தலுக்கு மாற்றிப் பாவியுங்கள். ஈரக் கரண்டியும் கொதிக்கும் சட்டியின் ஆவியும்தான் தூளின் எதிரிகள். வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும். ஆறு மாதம் வரை கெடாது, ஆனால் மூன்று மாதத்துக்குப் பிறகு மணம் குறைந்துகொண்டே போகும். கட்டி பிடித்தோ பூசணம் மணத்தோ இருந்தால் யோசிக்காமல் எறியுங்கள்.

உறைப்பு இல்லாத சரக்குத்தூள்

பிள்ளை பெற்ற தாய்க்கும் நோயிலிருந்து எழும்பியவர்களுக்கும் மிளகாய் சேராத சரக்குத்தூள் உண்டு. மல்லி 200 கிராம், மிளகு 50 கிராம், சின்னச்சீரகம் 50 கிராம், வேர்க்கொம்பு 25 கிராம், மஞ்சள் 25 கிராம். இளஞ்சூட்டில் மெதுவாக வறுத்து நன்றாக அரைத்து அரிக்க வேண்டும். மிளகாய் வருவதற்கு முன்னர் எங்கள் கறி எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இந்தத் தூளே கிட்டிய விடையாக இருக்கலாம்.

விற்க நினைப்பவர்களுக்கு

யுத்தத்தில் கணவரை இழந்த, காணாமலாக்கப்பட்டோரைத் தேடிக்கொண்டே குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் பலர் தூள் இடித்து விற்கிறார்கள். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 2022 செப்ரெம்பரில் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அத்தகைய ஏற்றத்தில் முதலில் அடிபடுவது இப்படியான சிறு முயற்சிகள்தான்.

விலை போடும்போது சரக்கின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். காம்பும் ஈரமும் போன எடைக்குறைவு, மில் கூலி, விறகு, போத்தல், உங்கள் இரண்டு நாள் உழைப்பு ஆகிய அனைத்தையும் கூட்டி, கிடைத்த தூளின் எடையால் பிரியுங்கள். கூலியைச் சேர்க்காமல் விற்பவர் தன் கையிலிருந்து கொடுத்துத்தான் விற்கிறார்.

1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் பொதி செய்த உணவுக்குச் சுட்டுத்துண்டு அவசியம். பொருளின் பெயர், சேர்மானங்கள், தேறிய நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தயாரிப்பவரின் பெயர், முகவரி ஆகியவை அதில் இருக்க வேண்டும். தொடங்கும் முன்னர் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருடன் கதையுங்கள். வணிகப் பெயர்ப் பதிவு பற்றிப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம்.

எழுதி வையுங்கள்

மேலே உள்ளது ஒரு வீட்டின் அளவு மட்டுமே. எங்கள் பெரியம்மா மல்லியை மிளகாயின் ஒன்றரை மடங்கு போடுவார், அம்மாவின் தூளை "வெறும் உறைப்பு" என்பார். வன்னிக்கும் மட்டக்களப்புக்கும் தீவுப்பகுதிக்கும் வேறு வேறு கை இருக்கிறது. எது சரி என்று முடிவுகட்டத் தேவையில்லை.

உங்கள் வீட்டில் தூள் இடிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால், அடுத்த முறை அவர் சரக்கு எடுக்கும்போது பக்கத்தில் ஒரு தராசும் கொப்பியும் வையுங்கள். அவர் கைப்பிடி எத்தனை கிராம், எதை முதலில் வறுக்கிறார், எந்த நிறத்தில் இறக்குகிறார் என்று எழுதுங்கள். கனடாவிலும் லண்டனிலும் உள்ள பிள்ளைகளுக்குத் தூளோடு அந்தத் தாளின் ஒரு பிரதியையும் அனுப்புங்கள். எனக்கு அம்மம்மாவின் பேணிதான் மிஞ்சியது. அதற்குள் எவ்வளவு வெந்தயம் போட்டார் என்று கேட்க இப்போது ஆள் இல்லை.