ஹடப்சர்க் களமும் வசாய் உடன்படிக்கையும்

ஐரோப்பியர் நம் நாட்டில் ஆட்சி நிறுவிய வரலாற்றைக் கப்பலிலிருந்து தொடங்குவது பாடநூல்களின் வழக்கம். 1498-இல் வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டைக் கரையை அடைந்தார். அவருக்குப் பின் டச்சுக்காரர், ஆங்கிலேயர், டேனியர், பிரெஞ்சுக்காரர் எனப் பலரும் வந்தனர். முடிவில் ஆங்கிலேயர் வென்றனர் என்று அவ்வரலாறு செல்லும். கடலைக் கடந்து வந்த துணிவு பெரிதே, மறுப்பதற்கில்லை. ஆயினும் கடலைக் கடந்தவனுக்குக் கிடைப்பது துறைமுகமேயன்றி நாடு அன்று. துறைமுகத்தில் பண்டகசாலை வைத்திருந்த வணிகன் நாடாளும் அரசனானது எங்ஙனம்? இவ்வினாவுக்குரிய விடையின் ஒரு பெரும்பகுதி, நம்மில் பலர் நாள்தோறும் பேருந்து ஏறி இறங்கும் இந்த ஹடப்சர் மண்ணிலேயே கிடக்கிறது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரையோடு நின்ற காலம்

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1600 டிசம்பர் 31-ஆம் நாள் எலிசபெத் அரசியாரிடம் பட்டயம் பெற்றது. 1639-இல் சென்னையில் ஒரு துண்டு நிலம் அதற்குக் கிடைத்தது. 1668-இல் தங்கள் மன்னரிடமிருந்தே ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குப் பம்பாயை அது பெற்றது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு, துணியும் மிளகும் வாங்கி விற்ற வணிகக் கூட்டமாகவே அது இருந்து வந்தது.

அக்காலத்தில் ஐரோப்பியரை வெல்ல முடியாது என்று எவரும் கருதவில்லை. பம்பாய்க்கு வடக்கே உள்ள வசாய்க் கோட்டையே இதற்குச் சான்று. ஆங்கிலேயர் பஸ்ஸீன் என வழங்கிய இவ்வூரைப் போர்ச்சுகீசியர் 1534-இல் குஜராத் சுல்தானிடமிருந்து பெற்று, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டனர். 1739-இல் பேஷ்வா பாஜிராவின் தம்பி சிமாஜி அப்பா அக்கோட்டையை முற்றுகையிட்டுக் கைப்பற்றினார். கடல் கடந்து வந்த ஒரு பேரரசின் கொடியை மராட்டியர் இறக்கிய இடம் அது. இதனை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். வசாய் மீண்டும் இக்கட்டுரையில் வரும்.

தமிழகத்தில் நடந்த ஒத்திகை

துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் வழியை ஐரோப்பியர் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் நம் தமிழகம் என்றால் அது மிகையன்று. 1746-இல் அடையாற்றங்கரையில் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையைப் பிரெஞ்சுக்காரரின் சிறுபடை முறியடித்தது. பயிற்சி பெற்ற காலாட்படை வரிசையாக நின்று விரைந்து சுட்டால் குதிரைப்படை நிற்காது என்பது அன்று தெரிந்தது. புதுச்சேரி ஆளுநர் டூப்ளே இதிலிருந்து இன்னொரு வழியையும் கண்டார். அரியணைக்கு இருவர் போட்டியிட்டால் ஒருவருக்குப் படையை இரவல் கொடுப்பது. கூலியாக நிலத்தைப் பெறுவது என்பதே அவ்வழி.

சந்தாசாகிபுக்குப் பிரெஞ்சுக்காரரும் முகமது அலிக்கு ஆங்கிலேயரும் துணை நின்றனர். 1752-இல் சந்தாசாகிப் கொல்லப்பட்டார். முகமது அலி வென்றார். வென்றவருக்குக் கிடைத்தது என்ன? கடன். படைச் செலவுக்காகப் பட்ட கடன் வட்டியோடு வளர்ந்து, 1801 ஜூலை 31-ஆம் நாள் அவர் வழிவந்தவர் கர்நாடகத்தின் ஆட்சியையே கம்பெனியிடம் ஒப்படைத்து, வருவாயில் ஐந்தில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டு ஒதுங்கினார்.

தஞ்சையிலும் இதே கதைதான். மராட்டிய மன்னர் துளஜாவுக்குப் பின் அமர்சிங்குக்கும் சரபோஜிக்கும் வழக்கு எழுந்தது. தீர்ப்புச் சொன்னது கம்பெனி. சரபோஜி அரியணை ஏறினார். ஆனால் 1799 அக்டோபர் 25-ஆம் நாள் ஏற்பட்ட உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் நிர்வாகம் கம்பெனிக்குச் சென்றது. ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மன்னருக்கு என முடிவாயிற்று.

பூனாவில் மூண்ட உட்பகை

தமிழகத்தில் தேர்ந்த இவ்வித்தை மராட்டிய நாட்டில் உடனே செல்லவில்லை. நானா பட்னாவிஸ், மகாத்ஜி சிந்தியா போன்ற விழிப்புள்ளோர் இருந்த வரை கம்பெனி தள்ளியே நின்றது. மகாத்ஜி 1794-இல் மறைந்தார்; வானவடியில் உள்ள அவருடைய சத்திரியை நம்மவர் பலர் கண்டிருப்பர். நானா 1800-இல் மறைந்தார். எஞ்சியவர் மூவர்: பேஷ்வா இரண்டாம் பாஜிராவ், தௌலத்ராவ் சிந்தியா, யஷ்வந்த்ராவ் ஹோல்கர். மூவரும் இளைஞர், ஒருவரையொருவர் நம்பாதவர்.

1801-இல் யஷ்வந்த்ராவின் சகோதரர் விட்டோஜி பேஷ்வாவின் ஆட்களிடம் பிடிபட்டார். பூனாவில் யானைக் காலில் கட்டி இழுத்து அவரைக் கொல்லச் செய்தார் பாஜிராவ். அந்தக் கொடுமைக்கு விடையாக யஷ்வந்த்ராவ் பெரும்படையோடு பூனாவை நோக்கி வந்தார். 1802 அக்டோபர் 25-ஆம் நாள், தீபாவளிக் காலத்தில், ஹடப்சரை அடுத்த வெளியில் போர் நடந்தது. ஒருபுறம் ஹோல்கர், மறுபுறம் பேஷ்வாவின் படையும் சிந்தியாவின் படையும். காலையில் பீரங்கிகளோடு தொடங்கிய போரில், ஹோல்கர் தாமே குதிரைப்படையை நடத்திச் சென்று பாய்ந்து வென்றார். தஞ்சை கைமாறிச் சரியாக மூன்று ஆண்டுகள் நிறைந்த அதே நாளில் இது நிகழ்ந்தது தற்செயலே. எனினும் நினைக்கும்போது நெஞ்சு திடுக்கிடுகிறது.

இக்களத்தைப் பற்றி ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். இரு பக்கமும் ஐரோப்பிய அதிகாரிகள் கூலிக்குப் பணியாற்றினர். சிந்தியாவின் பக்கம் டாஸ் என்பவரும் ஹோல்கரின் பக்கம் ஹார்டிங் என்பவரும் மாண்டனர். ஆனால் கம்பெனிப் படையின் ஒரு சிப்பாய்கூட அங்கு இல்லை. கம்பெனியின் ரெசிடெண்ட் கர்னல் பாரி குளோஸ், முளா-முட்டா நதிகள் கூடும் சங்கத்தில் இருந்த தம் மாளிகையில் அமைதியாக இருந்தார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது நம் பழமொழி. ஒரு குண்டும் சுடாத கம்பெனிக்கே இறுதி வெற்றி கிட்டியது.

உடன்படிக்கையின் வாசகம்

தோற்ற பாஜிராவ் சிங்கக் கோட்டைக்கும், பின்னர்க் கொங்கணக் கரைக்கும் ஓடி, ஆங்கிலக் கப்பலில் ஏறி வசாய் சேர்ந்தார். அவருடைய முன்னோர் போர்ச்சுகீசியரை வென்ற அதே வசாயில், 1802 டிசம்பர் 31-ஆம் நாள் கம்பெனியோடு உடன்படிக்கை ஏற்பட்டது. கம்பெனி பட்டயம் பெற்று அன்றைக்கு 202 ஆண்டுகள்.

கோப்புகளைப் படித்துக் குறிப்பெழுதுவதையே பிழைப்பாகக் கொண்டவன் யான். அவ்வகையில் இவ்வுடன்படிக்கையின் ஷரத்துகளைப் பார்க்கும்போது, எழுதியவர்களின் திறமை வியப்பளிக்கிறது. பேஷ்வாவைக் காக்க 6,000 பேருக்குக் குறையாத கம்பெனிக் காலாட்படை அவர் நாட்டில் நிலையாகத் தங்கும். அதன் செலவுக்காக ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய் வருவாயுள்ள நிலப்பகுதி கம்பெனிக்கு உரியதாகும். ஆங்கிலேயருக்குப் பகையான ஐரோப்பியர் எவரையும் பேஷ்வா பணியில் வைத்தல் ஆகாது. சூரத்தின் மீதுள்ள உரிமையைக் கைவிட வேண்டும். நிஜாமோடும் கெய்க்வாடோடும் உள்ள வழக்குகளுக்குக் கம்பெனியே நடுவர். கம்பெனியைக் கலவாமல் பிற அரசுகளோடு போரோ பேச்சோ கூடாது.

காக்கப்படுபவன் பணத்தில் காப்பவனின் படை! அந்தப் படைக்குச் செலவு அவனுடையது, கட்டளை பிறருடையது. இதனினும் மலிவாக ஒரு பேரரசை எவர் கட்டியிருக்க முடியும்?

தெற்கிலிருந்து வந்த படை

பாஜிராவை மீண்டும் அமர்த்தப் படை வேண்டுமே. அது எங்கிருந்து வந்தது? இங்கிலாந்திலிருந்து அன்று. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபுவின் தம்பியும், பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவருமான ஆர்தர் வெல்லெஸ்லி, மைசூர் எல்லையிலிருந்து புறப்பட்டு 1803 ஏப்ரல் 20-ஆம் நாள் பூனாவை அடைந்தார். வெள்ளையர் பட்டாளங்கள் உடனிருந்தாலும், அவருடைய காலாட்படையில் பெரும்பகுதி சென்னை ராஜதானியின் சிப்பாய்கள். தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்த பட்டாளங்கள். மே 13-ஆம் நாள் பாஜிராவ் பூனா திரும்பினார். செப்டம்பர் 23-ஆம் நாள் அஸ்ஸாயேயில் சிந்தியாவின் படையை முறியடித்ததிலும் அச்சிப்பாய்களுக்குப் பங்குண்டு. மதராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் உள்ள யானை அப்போரின் நினைவே.

இங்கேதான் சங்கிலியின் கண்ணிகள் ஒன்று சேர்கின்றன. தஞ்சையும் ஆர்க்காடும் இழந்த வரிப்பணம் சென்னை ராஜதானியின் கருவூலத்தில் சேர்ந்தது. அக்கருவூலம் சென்னைப் படைக்குச் சம்பளம் கொடுத்தது. அந்தப் படை மராட்டிய நாட்டுக்கு வந்தது. ஒரு நாட்டை விழுங்கிய வருவாயே அடுத்த நாட்டை விழுங்குவதற்கு முதலாயிற்று. அதே 1803-இல் தஞ்சையில் சரபோஜி மன்னர் தம் குலவரலாற்றை மராட்டி மொழியில் பெரிய கோயிற் சுவரிலே வெட்டுவித்தார். ஆட்சி போய்விட்டது, வரலாறு மட்டும் கல்லில் நின்றது.

பாஜிராவ் காலம் கடந்தே விழித்தார். 1817 நவம்பர் 5-ஆம் நாள் கட்கியில் அவர் படை கம்பெனியோடு மோதித் தோற்றது. சங்கத்து ரெசிடென்சி தீக்கிரையாயிற்று. எனினும் நவம்பர் 17-ஆம் நாள் சனிவார் வாடாவில் ஆங்கிலக் கொடி ஏறியது. 1818 ஜூனில் சரணடைந்த பேஷ்வா, ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் ஓய்வூதியத்தோடு கங்கைக் கரையிலுள்ள பிட்டூருக்கு அனுப்பப்பட்டார்.

நாம் கொள்ள வேண்டியது

இவ்வரலாற்றைப் படிக்கும்போது வெள்ளையனின் சூழ்ச்சி என்று சொல்லி அமைதி கொள்வது எளிது. சூழ்ச்சி இருந்தது உண்மை. ஆனால் விட்டோஜியைக் கொன்றது சூழ்ச்சியன்று, பகை. அமர்சிங்கையும் சரபோஜியையும் பிரித்ததும் அதுவே. வள்ளுவர் உட்பகைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்ததன் பொருள் தஞ்சையிலும் விளங்கிற்று, ஹடப்சரிலும் விளங்கிற்று.

அஸ்ஸாயேயில் நின்ற தமிழ்ச் சிப்பாயை நாம் பழிக்க வேண்டியதில்லை; மாதச் சம்பளம் தவறாது தந்த எசமானனிடம் அவன் பிழைக்கச் சென்றான். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்கு அவன் நிலை புரியாததன்று. ஆனால் அவன் வாங்கிய கூலி எந்த நிலத்தின் வரி, எந்த மன்னனின் கடன் என்று கேட்கும் வாய்ப்பு அவனுக்கு இல்லை. அது நமக்கு இருக்கிறது. ‘மராட்டியர் நம் தஞ்சையை ஆண்டனர்’ என்றும் ‘மதராசிகள் நம் ஊருக்கு வந்தனர்’ என்றும் இரு பக்கமும் கணக்குப் பார்ப்போர் இன்றும் உண்டு. இரு மண்ணையும் விழுங்கியது ஒரே கணக்குப் புத்தகம் என்பதை, இங்கே பிறந்து மராட்டியும் தமிழும் ஒருங்கே பேசி வளரும் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தர வேண்டும்.