இலியோஸ்டமியும் நீடித்த சோர்வும்

இலியோஸ்டமி என்பது, சிறுகுடலின் கடைசிப் பகுதியாகிய இலியத்தின் நுனியையோ மடிப்பையோ வயிற்றுச் சுவரின் வழியே வெளியே கொணர்ந்து, ‘ஸ்டோமா’ எனப்படும் செந்நிற வாயொன்றை அமைத்து, குடற்கழிவு அதன்மேல் ஒட்டப்பெற்ற பையில் விழும்படி செய்யும் ரணசிகிச்சையாகும். பெருங்குடற் புண்ணழற்சி, கிரோன் நோய், பரம்பரையாக வரும் பாலிப் நோய் ஆகியவற்றில் பலருக்கு நிரந்தரமாகவும், மலக்குடற் புற்றை அகற்றியபின் உள்ளே இட்ட தையல் ஆறும்வரை தற்காலிகமாகவும் இது செய்யப்படுகிறது. இச்சிகிச்சை பெற்றோருட் பலர், புண் ஆறிப் பையைக் கையாளும் பழக்கமும் கைவந்த பின்னரும், உறங்கி எழுந்தாலும் தீராத ஒரு சோர்வு தம்மைத் தொடர்வதாகக் கூறுவர். இச்சோர்வு தனி நோயன்று; உப்பிழப்பு, இரத்தசோகை, போஷணைக் குறைவு, துயில் முறிவு, அடிப்படை நோயின் எச்சம் முதலியவற்றுள் சில ஒன்றுகூடி விளைவிப்பது. ஆகையால், ஓய்வு ஒன்றையே மருந்தாகக் கொள்ளாமல், காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்குவதே இதற்குரிய முறையாகும்.

வரலாறு

1879-ல் டான்சிக் நகரத்து ஜெர்மானிய ஸர்ஜன் பாவும், பெருங்குடற் புற்றினால் குடல் அடைபட்ட ஒருவருக்கு இதனை முதன்முதலாகச் செய்தார். 1913-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து ஜான் யங் பிரவுன், பெருங்குடற் புண்ணழற்சிக்கு உரிய சிகிச்சையாக இதனை எடுத்துரைத்தார். அக்காலத்தில் குடலின் நுனியைத் தோலுக்கு வெளியே அப்படியே நீட்டிவிடுவது வழக்கமாதலால், அதன் வெளிப்புறம் கழிவு பட்டு அழன்று வீங்கி வாய் குறுகும்; குறுகவே, உள்ளே தேங்கியது நீராய்ப் பெருகி வெளிப்படும்; நோயாளி சின்னாட்களில் நீரும் உப்பும் வற்றித் தளர்ந்துவிடுவார். இந்நிலையை 1951-ல் வாரன், மக்கிட்ரிக் என்னும் அமெரிக்க ஸர்ஜன்கள் விவரித்தனர். அடுத்த ஆண்டில், இங்கிலாந்தின் பர்மிங்காமில் பணியாற்றிய பிரயன் புரூக், சட்டைக் கையை மடித்துவிடுவதுபோலக் குடல் நுனியை வெளிப்புறமாக மடித்துத் தோலோடு தைக்கும் எளிய உபாயத்தை வெளியிட்டார். அதனால் அடைப்பும் அழற்சியும் அருகின; ஆயினும் பெருங்குடலின் துணை இல்லாமையால் நேரும் உப்பிழப்பு அம்மடிப்பினால் நீங்குவதன்று.

உப்பும் நீரும்

ஆரோக்கியமுள்ளவரின் பெருங்குடல், நாளொன்றுக்குச் சிறுகுடலிலிருந்து வரும் சுமார் 1.5 லிட்டர் திரவத்தில் 100 முதல் 150 மில்லிலிட்டர் நீங்கலாக எஞ்சியது அனைத்தையும், அதிற் கரைந்துள்ள சோடியத்தோடு உறிஞ்சி இரத்தத்துக்கு மீட்டுத் தருகிறது. அப்பாதை விலக்கப்பட்டபின், தொடக்கத்தில் கழிவு ஒரு லிட்டரையும் தாண்டி ஓடுவதுண்டு. சிறுகுடல் வாரக்கணக்கில் பழகிக்கொள்ள, நாளொன்றுக்கு 500 முதல் 800 மில்லிலிட்டர் அளவில் அது நிலைபெறும். அதன் ஒவ்வொரு லிட்டரிலும் ஏறத்தாழ 120 மில்லிமோல் சோடியம், அதாவது சுமார் 7 கிராம் சாப்பாட்டு உப்புக்கு ஈடான சத்து, வெளியேறுகிறது.

இவ்விழப்பை ஈடுசெய்ய, அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரந்து, சிறுநீர் வழியே உப்புப் போகாமல் தடுக்கிறது. நீரும் உப்பும் ஒருங்கே குறைவதால் இரத்தத்தில் சோடியத்தின் அளவு இயல்பாகவே தோன்றலாம். அதனைக் கண்டு குறையில்லை என்று முடிவுசெய்தல் பிழையாகும். சிறுநீரில் சோடியம் லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே இறங்கியிருப்பதே உப்பு வறட்சியைக் காட்டும் தெளிவான சான்று. எழுந்து நிற்கையில் தலைசுற்றல், கெண்டைக்காற் பிடிப்பு, சிறுநீர் குறைந்து நிறம் தடித்தல், தலைவலி, கருத்தூன்ற இயலாமை ஆகியவை இச்சோர்வின் உடன்வரும் குறிகள். மக்னீசியக் குறைவும் சேர்ந்தால் தசைப் பலஹீனம் மிகும்.

உப்பு வறட்சியால் தாகம் எடுத்தவர் வெறுந்தண்ணீரையே மேன்மேலும் பருகுவது இயல்பு. கழிவு மிகுதியாக ஓடுபவர்க்கு அதுவே தீங்காகும். உப்பற்ற நீர் மேற்சிறுகுடலை அடைந்ததும், இரத்தத்திலுள்ள சோடியம் குடலுக்குள் இழுக்கப்பட்டு, பருகியதற்கு மேலும் பை நிறைகிறது. சோடியமும் குளுக்கோஸும் ஒன்றையொன்று துணைக்கொண்டு குடற்சுவரைக் கடக்கின்றன என்று 1960-ல் ராபர்ட் கிரேன் எடுத்துரைத்த கொள்கையே இதற்கு மாற்றைக் காட்டிற்று. 1971-ல் வங்க அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மஹலநாபிஸ் காலரா நோயாளிகளைக் காத்ததும் இக்கொள்கையை ஒட்டிய உப்புச் சர்க்கரைக் கரைசலினாலேயாம். உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் தற்போதைய கரைசலில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் உண்டு. கழிவு மிகுந்தோர்க்கு 90 மில்லிமோல் வேண்டுமாதலால், லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பெயரால் வழங்கும் கரைசலில், ஒரு லிட்டர் நீருக்கு 20 கிராம் குளுக்கோஸும் 3.5 கிராம் உப்பும் 2.5 கிராம் சோடியம் பைகார்பனேட்டும் சேர்க்கின்றனர். இதனை ஒரே மூச்சில் குடியாமல் நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் பருகுதல் வேண்டும்.

நம்மவர் களைப்புக்கு முதலில் நாடும் இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் சொற்பம். ஆதலின் அது இக்கரைசலுக்கு ஈடாகாது. உப்பிட்ட அரிசிக் கஞ்சியோ கழிவைச் சற்றுக் கெட்டிப்படுத்தி உப்பையும் தருவது. வியர்வையிலும் உப்புப் போகும் தமிழகத்துக் கோடையில் இக்கவனம் இருமடங்கு வேண்டப்படும். இருதய நோயோ, சிறுநீரக நோயோ, இரத்த அழுத்தமோ உடையவர் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டே நிர்ணயித்துக்கொள்ள வேண்டும்.

இரத்தமும் போஷணையும்

வைட்டமின் பி12 இலியத்தின் கடைப்பகுதியிலேயே உறிஞ்சப்படுவதால், அப்பகுதி கணிசமாக வெட்டியெடுக்கப்பட்டவர்க்கு அதன் குறைவு நேரும். கல்லீரலிலுள்ள சேமிப்புச் சில ஆண்டுகளுக்குப் போதுமாதலால், சிகிச்சையை மறந்துவிட்ட காலத்தில் இக்குறைவு தலைகாட்டுவதுண்டு. ஊசி மூலம் இதனை நிரப்பலாம். நெடுநாள் இரத்தப்போக்கினால் வந்த இரும்புச்சத்துக் குறைவும் பலரிடம் எஞ்சியிருக்கும். மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகள் கரையாமலே பையில் வந்து விழக்கூடுமாகையால், மருந்தின் வடிவத்தையும் மருத்துவர் கருதுதல் அவசியம்.

தேங்காய்ச் சில், வேர்க்கடலை, முருங்கைச் சக்கை போன்றவை அடைத்துக்கொள்ளும் என்ற அச்சம் முதல் வாரங்களில் நியாயமானதே. அவ்வச்சம் நிலைத்துவிட, சோறும் மோருமே ஆகாரமென ஆண்டுக்கணக்கில் காலந்தள்ளுபவர், புரதமும் ஆற்றலும் குன்றிச் சோர்வைத் தாமே வளர்ப்பவராவர். நன்றாக மென்று, ஒவ்வொரு பண்டமாகச் சிறிதளவில் சேர்த்துப் பழகினால், பெரும்பாலான உணவுகள் உடலுக்கு ஒத்துவரும்.

பிற காரணங்கள்

இரவில் பையைக் காலிசெய்ய எழுவதும், கசியுமோ என்ற அச்சமும் நித்திரையைத் துண்டாடுகின்றன. இராப்போஜனத்தை முன்னதாக முடித்தல், படுக்குமுன் பையைக் காலிசெய்தல், பையைத் தோலோடு ஒட்டவைக்கும் தகட்டை ஸ்டோமாவின் அளவுக்குப் பொருந்தத் தேர்தல், கழிவோட்டத்தை மட்டுப்படுத்தும் லோபரமைடு மாத்திரையை மருத்துவர் சொற்படி உணவுக்கு அரைமணி முன்னர் உட்கொள்ளுதல் ஆகியவை இதற்கு உதவும். ஸ்டீராய்டு மருந்தை நெடுங்காலம் உட்கொண்டு நிறுத்தியவரிடம் அட்ரீனல் சுரப்பி மந்தமுற்றிருக்கலாம். அதன் குறிகள் உப்பு வறட்சியை ஒத்திருப்பதால் தனியே சோதித்தறிய வேண்டும். கிரோன் நோய் மீண்டும் கிளர்தல், தைராய்டுக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் ஆராயத்தக்கன.

முயற்சியைப் பங்கிடுதல்

காரணங்களைத் திருத்திய பின்னும் எஞ்சும் சோர்வை ஒழுங்கினால் ஆளவேண்டும். தெம்பாக இருக்கும் நாளில் வேலையனைத்தையும் முடித்துவிட்டு மறுநாள் படுத்துவிடுவது பொதுவில் காணப்படும் பிழை. கடினமான பணியைத் தமக்குத் தெளிவான வேளைக்கு ஒதுக்கி, இடையிடையே களைப்பு வருமுன்னரே ஓய்ந்து, நல்ல நாளிலும் தீய நாளிலும் ஏறக்குறைய ஒரே அளவாக முயல்வதே பயன் தரும். நடையைச் சிறுகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் தசைகள் வலுப்பெறும். ஸ்டோமாவின் அருகே குடலிறக்கம் நேராதிருக்க, முதல் சில மாதங்களில் பளு தூக்குதலைத் தவிர்த்தல் வேண்டும்.

தாமதிக்கலாகாத நிலைகள்

கழிவு நாளொன்றுக்கு 1.5 லிட்டரைத் தாண்டி இரண்டு நாட்கள் ஓடினாலும், சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலும், நிற்கையில் மயக்கம் வந்தாலும், சோர்வு உடனடிச் சிகிச்சைக்கு உரியதாகிறது. இரத்தக்குழாய் வழியே உப்புநீர் செலுத்த நேரிடலாம். கழிவு பல மணி நேரம் அறவே நின்று, வயிற்றுவலியும் வாந்தியும் தோன்றினால், அது குடலடைப்பாக இருக்கக்கூடும். அந்நிலையில் வீட்டு வைத்தியம் எதையும் முயலாமல், குறிப்பாகப் பேதி மருந்தைத் தொடாமல், மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.