பதக்கமும் கூலியும்: செனகல் படைவீரர்களின் நெடிய வழக்கு

1998ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள். முதல் உலகப்போர் ஓய்ந்து சரியாக 80 ஆண்டுகள் நிறைவுற்ற நாள். பிரான்சுக்காக அப்போரில் களம்கண்ட செனகல் வீரர்களுள் எஞ்சியிருந்த கடைசி மனிதரான அப்துலாயே நிதியாயேவுக்கு அன்றுதான் அந்நாட்டின் உயர் விருதான 'லெழியோன் தொனர்' பதக்கம் வழங்கப்படவிருந்தது. (அப்துல்லாஹ் என்னும் பெயரே மேற்கு ஆப்பிரிக்காவில் அப்துலாயே என வழங்குகிறது.) விழாவுக்கு முந்தைய நாள் தமது சிற்றூரான தியோவோரில் அவர் வஃபாத்தானார். வயது 104.

மத்ரஸாவில் ஃபிக்ஹு பாடம் நடத்துகையில் மாணவர்களுக்கு நாம் வலியுறுத்தும் வேறுபாடு ஒன்றுண்டு. ஹிபா எனும் அன்பளிப்பு வேறு. உஜ்ரா எனும் கூலி வேறு. பெறுபவர் கைப்பற்றுமுன் இறந்துவிட்டால் ஹனஃபி மத்ஹபில் ஹிபா செல்லாது. கொடுபடாத கூலியோ கடன். தொழிலாளி இறந்தாலும் அது இறப்பதில்லை. வாரிசுகளுக்குச் சேரவேண்டிய உரிமையாகிவிடுகிறது. செனகல் வீரர்களின் வரலாற்றை இவ்வேறுபாட்டின் துணைகொண்டே நாம் படிக்க விரும்புகிறோம். ஏனெனில், அவர்கள் கேட்டது கூலி. பிரான்சு மனமுவந்து நீட்டியது பெரும்பாலும் அன்பளிப்பு.

'செனகல் துப்பாக்கி வீரர்கள்' என்ற பெயரில் இப்படையை 1857இல் உருவாக்கியவர் ஆளுநர் ஃபெதெர்ப். பெயர்தான் செனகல், இன்றைய மாலி, கினி, புர்கினா ஃபாசோ முதலிய நாடுகளின் மைந்தர்களும் அதில் இருந்தனர். முஸ்லிம்கள் மிகுதி, எனினும் அனைவரும் முஸ்லிம்கள் அல்லர். முதல் உலகப்போரில் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 2 இலட்சம் பேர் திரட்டப்பட்டனர். விரும்பிச் சேர்ந்தோரும் உண்டு. ஊர்த்தலைவர்களின் நெருக்குதலால் பிடித்தனுப்பப்பட்டோரும் உண்டு. சுமார் 30,000 பேர் திரும்பவில்லை. போரில் மாண்ட முஸ்லிம் வீரர்களுக்கு நன்றிக்கடனாகப் பாரிசில் எழுப்பப்பட்ட பெரிய பள்ளிவாசல் 1926இல் திறக்கப்பட்டது. கல்லில் செதுக்கிய அந்த நன்றி அழகியதே. உயிரோடு திரும்பியவர்களின் கணக்கு மட்டும் நேராகவில்லை.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு மீண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் 1944இன் இறுதியில் டக்கார் அருகேயுள்ள தியாரோய் முகாமுக்குக் கொண்டுவரப்பட்டனர். சிறைக்காலச் சம்பளப் பாக்கியை அவர்கள் கேட்டனர். டிசம்பர் 1ஆம் நாள் விடியலில் அவர்கள்மீது துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டது. சுட்டது அவர்கள் யாருக்காகப் போரிட்டார்களோ அதே இராணுவம். மாண்டவர் 35 என்றது இராணுவம். அதனினும் மிகப் பலர் என்கின்றனர் பல வரலாற்றாசிரியர்கள். பிழைத்தவர்களில் 34 பேர் கலகக்காரர்களாகத் தண்டிக்கப்பட்டனர். இக்கொடுமையை உஸ்மான் செம்பேன் 1988இல் திரைப்படமாக்கினார்.

குருதி சிந்தாமல் நடந்த மற்றொரு அநீதியும் உண்டு. குடியேற்ற நாடுகள் விடுதலையின் வாயிலில் நின்ற வேளையில், 1959 டிசம்பர் 26ஆம் நாளின் நிதிச்சட்டம், விடுதலை பெறும் நாடுகளின் குடிமக்களான முன்னாள் வீரர்களின் ஓய்வூதியத்தை அன்றைய அளவிலேயே நிறுத்திவிட வழிசெய்தது. பிரெஞ்சு நிர்வாக மொழியில் இதற்குப் 'படிகமாக்கல்' என்று பெயர்! விலைவாசி ஏறியது, பிரெஞ்சு வீரரின் ஓய்வூதியமும் ஏறியது, அதே பதுங்குகுழியில் அவர் தோளோடு தோள் நின்ற ஆப்பிரிக்கரின் தொகை உறைந்துகிடந்தது. வேறுபாடு வீரத்தில் இல்லை, குடியுரிமைத் தாளில் இருந்தது. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளை அறிந்தோருக்கு இது எளிதில் விளங்கும். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட நம் 'சொல்தா'க்களின் ஓய்வூதியம் காலத்தோடு உயர்ந்துகொண்டே வந்ததன்றோ?

அமாது தியோப் என்னும் செனகலியர் தொடுத்த வழக்கில், குடியுரிமையை அளவுகோலாக்கியது பாகுபாடே எனப் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2001 நவம்பர் 30இல் தீர்ப்பளித்தது. அரசோ அடுத்த ஆண்டே வசிப்பிடத்தை அளவுகோலாக்கி வேறொரு வாயிலை அடைத்தது. 2006இல் வட ஆப்பிரிக்க வீரர்களைப் பற்றிய 'அந்திழேன்' எனும் திரைப்படம் வெளிவந்து பெரும் கவனம் பெற்றது. அவ்வாண்டே போர்வீரர் உதவித்தொகையையும் உடல் ஊன ஓய்வூதியத்தையும் சமப்படுத்துவதாக ஜாக் சிராக் அரசு அறிவித்தது. நீதிமன்றத் தீர்ப்பால் ஆகாதது திரையரங்கில் ஆயிற்று! பழைய நிலுவைக்கோ அதில் இடமில்லை. பணிக்கால ஓய்வூதியத்தின்மீதான பாகுபாடு, அரசியலமைப்பு மன்றத்தின் 2010 மே 28 தீர்ப்புக்குப் பின்னரே அகன்றது.

உரிமை கேட்கச் சென்றவர்கள் பட்ட பாடு தனி. பலரது ஆவணங்களில் பிறந்த நாளே இல்லை. 'ஏறத்தாழ இன்ன ஆண்டு' என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். முதியோர் உதவித்தொகை வேண்டுமாயின் ஆண்டில் ஆறு மாதமாவது பிரான்சில் வசித்தாகவேண்டியிருந்தது. ஆகவே மனைவி மக்களைப் பிரிந்து தொழிலாளர் விடுதிகளின் சிற்றறைகளில் முதுமையைக் கழித்தனர். 2023இல் அந்நிபந்தனை தளர்த்தப்பட்ட பின்னரே ஒன்பது முதியவர்கள் ஏப்ரலில் செனகல் திரும்பினர். அத்தலைமுறையினர் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும், விடுதலை கேட்ட மக்களுக்கு எதிராகவும் நிறுத்தப்பட்டவர்கள் என்பதை நாம் மறைப்பதற்கில்லை. ஆயினும் அக்குற்றத்தைச் சுட்டும் தகுதி, அவர்களை அனுப்பிய அரசுக்கு இல்லை.

தியாரோயில் மாண்டவர்களுள் ஆறு பேருக்கு, 'பிரான்சுக்காக உயிர்நீத்தோர்' என்னும் சிறப்பை 2024 ஜூலையில் பிரெஞ்சு அரசு வழங்கியது. அங்கு நடந்தது படுகொலையே என்று அவ்வாண்டு நவம்பரில் அதிபர் மக்ரோன் கடிதமொன்றில் ஒப்புக்கொண்டார். 80 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த அச்சிறப்பின் மதிப்பை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆனால், அன்று காலை அவ்வீரர்கள் வரிசையில் நின்று கேட்டது சம்பளப் பாக்கி. அதைக் கேட்டுத்தான் அவர்களின் வாரிசும் நீதிமன்றப் படி ஏறினார்.