வாடிக்கையைக் கட்டியது எது? சென்னையின் மளிகைச் சங்கிலிக் கடைகளில் விலை, தரம், நம்பிக்கை (1904–2009)

ஒரு குடும்பம் மாத மளிகையை ஏன் ஒரே கடையில் தொடர்ந்து வாங்குகிறது, எப்போது அந்தக் கடையை விட்டு விலகுகிறது என்ற கேள்வி வணிகவியலுக்கு மட்டும் உரியதல்ல. ஒரு நகரத்தின் சம்பள முறை, கடன் பழக்கம், சட்டம், சமையல் அனைத்தும் அதில் கலந்திருக்கின்றன. சென்னையில் கிளைகள் பரப்பிய நான்கு நிறுவனங்களை இக்கட்டுரை ஒப்பிடுகிறது: திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமான டி.யூ.சி.எஸ்., நீல்கிரிஸ், ஃபுட்வேர்ல்டு, சுபிக்ஷா. மலிவு விலை ஆளைக் கடைக்கு அழைத்துவருகிறது; ஆனால் அரிசி பருப்பின் தரமும், கேட்ட சரக்கு என்றைக்கும் கிடைக்கும் என்ற உறுதியுமே அவரைத் தக்கவைக்கின்றன என்பது இந்த ஒப்பீடு காட்டும் முடிவு.

கணக்கு நோட்டின் காலம்

சங்கிலிக் கடைகளுக்கு முன்பு தெருமுனை மளிகைக் கடையையும் குடும்பத்தையும் பிணைத்தது கணக்கு நோட்டு. மாதம் முழுவதும் சரக்கு போகும். சம்பளம் வந்ததும் பாக்கி தீரும், அல்லது ஒரு பகுதி தீரும். பாக்கி இருக்கும்வரை வேறு கடைக்குப் போவது எளிதல்ல. எடையிலோ தரத்திலோ குறை தெரிந்தாலும் கடன்பட்டவரால் உரக்கக் கேட்க முடியாது. அந்த வாடிக்கையில் அன்பும் இருந்தது, கட்டாயமும் இருந்தது. இரண்டையும் பிரித்தறியாமல் பழைய கடைகளை ‘விசுவாசத்தின் பொற்காலம்’ என்று எழுதுவது வரலாறாகாது.

1904: லாபத்தில் பங்கு

இந்தப் பிணைப்பை மாற்றும் முதல் பெருமுயற்சி 1904இல் திருவல்லிக்கேணியில் தொடங்கியது. இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி டி.யூ.சி.எஸ். நிறுவனர்களில் முதன்மையானவர். கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமும் அதே 1904இல்தான் வந்தது. அது கடன் சங்கங்களையே முக்கியமாகக் கருதியது. பிற வகைச் சங்கங்களுக்கு இடம் விரிந்தது 1912ஆம் ஆண்டுச் சட்டத்தால்.

நிறுவனர்களுக்கு முன்மாதிரி இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 1844இல் நெசவாளர்கள் முதலானோர் தொடங்கிய கடை. கலப்படமில்லாத சரக்கு, சரியான எடை, ரொக்க விற்பனை, ஆளுக்கு ஒரு வாக்கு ஆகியவை அதன் நெறிகள். விலை சந்தை விலையாகவே இருக்கும். ஆண்டு முடிவில் மிஞ்சும் லாபம் ஒவ்வொருவரும் வாங்கிய தொகைக்கேற்பத் திருப்பித் தரப்படும். ஓர் எடுத்துக்காட்டு: ஆண்டில் 200 ரூபாய்க்கு வாங்கிய உறுப்பினருக்கு ரூபாய்க்கு அரையணா வீதம் கிடைத்தால் 100 அணா, அதாவது 6 ரூபாய் 4 அணா, கையில் சேரும். இன்றைய தள்ளுபடி அட்டைகள் தருவதும் இதுபோன்ற சலுகைதான். ஆனால் கூட்டுறவுக் கடையில் உறுப்பினரே உரிமையாளர். கணக்கைக் கேட்கவும் நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்கவும் உரிமை உள்ளவர். கடன்பட்டவரின் மௌனத்துக்குப் பதிலாகப் பங்குதாரரின் குரல் கடைக்குள் வந்தது இந்த வரலாற்றின் மிகப் பெரிய திருப்பம்.

பங்கீடும் அதன் விளைவும்

இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், சென்னையில் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. கிளைகளும் கிடங்குகளும் கொண்டிருந்த கூட்டுறவுப் பண்டகசாலைகள் இயல்பாகவே அதன் கருவிகளாயின. 1952இல் முதலமைச்சர் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1962இல் சீனப் போரை ஒட்டி மத்திய அரசு நுகர்வோர் கூட்டுறவுக்கு மீண்டும் ஊக்கமளித்தது. சென்னையில் காமதேனு, கோவையில் சிந்தாமணி, மதுரையில் பாண்டியன், வேலூரில் கற்பகம் என்ற பெயர்கள் கூட்டுறவு அங்காடிகளின் அடையாளங்களாக நிலைத்தன. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது.

கட்டுக்குள் இருக்கும் விலை கோடிக்கணக்கானோருக்குச் சோறு போட்டது. அந்தச் சாதனையின் அளவு பெரிது. ஆனால் வாடிக்கையின் தன்மை மாறியது. குடும்ப அட்டை எந்தக் கடையில் பதிவாகியிருந்ததோ அங்கேதான் வாங்க வேண்டியிருந்தது. வரிசையில் நிற்பவர் பங்குதாரராக அன்றிப் பயனாளியாக நின்றார். உறுப்பினர் வாக்கின் மூலம் தரத்தைக் காக்கும் ரோச்டேல் நெறி இதனால் தளர்ந்தது.

நீல்கிரிஸ்: தரத்துக்குக் கொடுத்த விலை

இன்னொரு மரபு நீலகிரி மலையிலிருந்து வந்தது. 1905இல் முத்துசாமி முதலியார் வெண்ணெய் வியாபாரமாகத் தொடங்கிய நீல்கிரிஸ், 1936இல் பெங்களூரு பிரிகேடு சாலைக்குச் சென்று, பின்னர் தென்னிந்திய நகரங்களில் கிளைவிட்டது. வெண்ணெய், ரொட்டி, பாலாடைக்கட்டி எனத் தன் பெயரிலேயே விற்ற பண்டங்கள்தான் அதன் பலம். கடைப்பெயரே பண்டத்தின் பெயராகவும் இருந்ததால் தரக்குறைவுக்கு வேறு யாரையும் கைகாட்ட முடியாது. அந்தப் பொறுப்பை ஏற்றதற்கு ஈடாகச் சற்றுக் கூடுதல் விலையை வாடிக்கையாளர்கள் தந்தார்கள். விலையில் பின்தங்கியும் வாடிக்கையைக் காக்க முடியும் என்பதற்கு நீல்கிரிஸ் சான்று. ஆனால் அந்த வட்டம் வசதியுள்ள குடும்பங்களுடையது.

அச்சிட்ட விலை

விலை ஒப்பீட்டுக்கே புதிய அடித்தளம் போட்டது சட்டம். பொட்டலப் பொருள்களுக்கான 1977ஆம் ஆண்டு விதிகள் 1990இல் திருத்தப்பட்டு, எல்லா வரிகளும் அடங்கிய அதிகபட்சச் சில்லறை விலையை அச்சிடுவது கட்டாயமானது. அதன்பின் ஒரே சோப்பும் ஒரே பற்பசையும் எந்தக் கடையில் எவ்வளவு குறைவு என்பதை யாரும் கணக்கிட முடிந்தது.

உதிரிச் சரக்கு அப்படியல்ல. அரிசியைக் கையில் எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தால்தான் அது பழையதா புதியதா என்று தெரியும்; பழைய அரிசி உதிரியாக வெந்து சோறு காணும், புது அரிசி குழையும். துவரம் பருப்பில் கேசரிப் பருப்பு கலந்திருக்கிறதா என்று முறத்தில் பரப்பிப் பார்ப்பார்கள். கிலோ விலை ஒன்றாக இருந்தாலும் இரண்டு கடைகளின் அரிசி ஒன்றாகாது. மளிகைக் கடைகளை ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் முடிவு பிழையாகும்.

1996, 1997: இரண்டு வழிகள்

1996இல் ஆர்.பி.ஜி. குழுமம் சென்னையில் ஃபுட்வேர்ல்டைத் தொடங்கியது. குளிரூட்டிய கூடம், தானே எடுத்துக்கொள்ளும் அடுக்குகள், சுத்தம் செய்து அடைத்த பருப்பு. கடித்துப் பார்க்கும் சோதனை இங்கே இல்லை. உறையின் மேல் உள்ள பெயரை நம்ப வேண்டும்.

அடுத்த ஆண்டு ஆர். சுப்பிரமணியன் திருவான்மியூரில் சுபிக்ஷாவின் முதல் கடையைத் திறந்தார். வழி நேர் எதிரானது: சிறிய கடை, குளிரூட்டல் இல்லை, அலங்காரம் இல்லை. மிச்சமான செலவு அச்சிட்ட விலையிலிருந்து தள்ளுபடியாக மாறியது. மருந்துக்கும் அந்தத் தள்ளுபடி உண்டு என்பது நடுத்தரக் குடும்பங்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் உண்மையான உதவி. மாதந்தோறும் ஒரே மாத்திரைகளை வாங்குபவருக்கு அந்தச் சேமிப்பு நிச்சயமானது.

ஆயினும் அச்சிட்ட விலையின் மேல் தரும் தள்ளுபடியை எந்தப் போட்டியாளரும் பின்பற்ற முடியும். சோப்பின் தரத்தில் கடைக்குப் பங்கில்லை. எனவே தள்ளுபடியால் வந்த வாடிக்கையாளரிடம், அதே தள்ளுபடி அடுத்த தெருவில் கிடைக்கும் நாளில், தங்கியிருக்கக் காரணம் குறைவாகவே இருந்தது.

2005–2009: பிரிவும் வீழ்ச்சியும்

2005இல் ஆர்.பி.ஜி. தன் வெளிநாட்டுக் கூட்டாளியான டெய்ரி ஃபார்மைப் பிரிந்தது. சென்னையின் ஃபுட்வேர்ல்டு கடைகள் ஸ்பென்சர்ஸ் ஆயின. சுபிக்ஷா தமிழ்நாட்டைத் தாண்டி நாடு முழுவதும் விரைந்து, 2008க்குள் 1,600க்கு மேற்பட்ட கடைகளைத் திறந்தது. முதலீட்டுக்கு மிஞ்சிய கடனில் நடந்த விரிவாக்கம் அது. 2008இன் உலக நிதி நெருக்கடியில் பணப்புழக்கம் நின்றது; சரக்கு தந்தவர்களுக்கும் ஊழியர்களுக்கும் பாக்கி சேர்ந்தது; அடுக்குகள் காலியாயின; 2009 தொடக்கத்தில் கடைகள் மூடப்பட்டன. மாத மளிகைப் பட்டியலில் பாதிச் சரக்கு இல்லாத கடைக்கு, மீதிப் பாதி எவ்வளவு மலிவானாலும், குடும்பங்கள் திரும்பவில்லை. கிடைக்கும் என்ற உறுதியும் தரத்தின் ஒரு பகுதியே என்பதை இந்த வீழ்ச்சி தெளிவாக நிறுவியது.

ஒப்பீடு தரும் முடிவு

நான்கையும் சேர்த்துப் பார்த்தால் வாடிக்கைக்கு நான்கு அடிப்படைகள் தெரிகின்றன: டி.யூ.சி.எஸ். தந்த உரிமை, நீல்கிரிஸ் தந்த தரப் பொறுப்பு, ஃபுட்வேர்ல்டு தந்த வசதி, சுபிக்ஷா தந்த சேமிப்பு. வசதியும் சேமிப்பும் முதலீடு உள்ள எவராலும் நகலெடுக்கக்கூடியவை. தரப் பொறுப்பை உருவாக்கப் பல பத்தாண்டுகள் வேண்டும். உரிமையை விலைகொடுத்து வாங்கவே முடியாது.

கோவையின் ஸ்ரீ கண்ணன் டிபார்ட்மென்டல் ஸ்டோர் 2020இல் ரிலையன்ஸ் ரீடெய்ல் கைக்குச் சென்றது, வட்டாரச் சங்கிலிகளின் வாடிக்கை இன்று எந்தப் போட்டியில் நிற்கிறது என்பதைக் காட்டுகிறது. அவற்றுக்குத் தேசிய நிறுவனங்களோடு சோப்பு விலையில் வெல்ல வழியில்லை. தஞ்சாவூர் அரிசியையும் விருதுநகர்ச் சந்தையின் பருப்பையும் பார்த்து வாங்கத் தெரிந்த கண்களும், தவறினால் பொறுப்பேற்கும் பெயரும் அவற்றிடம் உண்டு. கூட்டுறவு அங்காடிகளுக்கோ இன்னும் பெரிய வாய்ப்பு இருக்கிறது: வாங்கிய தொகைக்கேற்ற பங்கையும், கணக்குக் கேட்கும் உரிமையையும் உறுப்பினருக்கு மீண்டும் உயிர்ப்புடன் தர வேண்டும். 1904இல் திருவல்லிக்கேணி நிறுவனர்கள் செய்து காட்டியதை இன்று செய்ய முடியாது என்று கருத எந்தக் காரணமும் இல்லை.