அண்ணா சமுதாய வானொலி
சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் நிலையம். இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி. 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கியது. வானலைகள் பொதுச்சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், கல்வி நிறுவனங்களுக்கு உரிமம் வழங்க 2002-இல் நடுவண் அரசு எடுத்த முடிவும் இதற்கு வழிதிறந்தன. பல்கலைக்கழகத்தின் பல்லூடக ஆய்வு மையம் இதை நடத்துகிறது. சுற்றுவட்டாரக் குடிசைப்பகுதிப் பெண்கள் நிகழ்ச்சி தயாரிக்கப் பயிற்சி பெற்றதே இதன் பெரும்பேறு. ஊடக ஆய்வில் கேள்வித்தாளுக்குப் பதில் சொல்பவராக மட்டுமே இருந்த நேயர், இங்கே மாணவர்களோடு ஒலிவாங்கி முன் அமர்ந்து தம் தெருவின் குடிநீர், உடல்நலம் பற்றித் தாமே பேசினார். ஒலிபரப்பு எல்லை சில கிலோமீட்டர்தான். கல்வி நிறுவனங்களைப் போலவே தன்னார்வ அமைப்புகளும் சமுதாய வானொலிக்கு உரிமம் பெற 2006-இல் விதி தளர்ந்தது.